ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை

என் இடது மணிக்கட்டில் இருப்பதைக் கடிகாரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போன மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், "அண்ணா, இது என்ன ஃபிட்னஸ் பேண்டா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் அரைமணி நேரம் விளக்க வேண்டியிருக்கும். விளக்கி முடித்ததும் அவன் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அது ஒரு காந்தம். என் மகளுக்கு வலிப்பு வரும்போது, இடதுபக்கக் காறை எலும்புக்குக் கீழே மார்பின் மேல் அதை ஒருமுறை தேய்க்க வேண்டும். தோலுக்கடியில் வைத்திருக்கும் கருவி உடனே கூடுதலாக ஒரு மின்தூண்டலை அவள் கழுத்து நரம்புக்கு அனுப்பும். அந்த வலிப்பு அதோடு நிற்கலாம், சுருங்கலாம், எதுவும் ஆகாமலும் போகலாம்.

எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்ததைப் பார்த்தேன். டீக்கடையிலிருந்து யாரோ "இரும்பு குடுங்கய்யா, இரும்பு!" என்று கத்தினார்கள். ஒருவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தார். விரல்களைப் பிரித்து அதைத் திணித்தார்கள். கொஞ்ச நேரத்தில் உதறல் நின்றது. கூட்டம் பெருமூச்சு விட்டது. சாவி கொடுத்தவர் ஒரு வேலையைச் சரியாக முடித்த மனுஷனைப் போல நின்றார். நானும் நம்பினேன். கண்ணால் பார்த்தேனே!

வலிப்புகளில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். சாவி கேட்டுக் கத்தி, எடுத்து, விரல் பிரித்துத் திணிப்பதற்கும் அதே அளவு நேரம்தான் ஆகும். இரும்பு எதையும் செய்வதில்லை. அது சரியான நேரத்தில் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அறுவை சிகிச்சை முடிந்து மகளை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, அம்மா என் கையிலிருந்த காந்தத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாங்க சாவியக் குடுத்தோம். நீ காந்தத்தக் குடுக்குற. ரெண்டும் இரும்புதானய்யா?" என்றார். சிரித்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

*

எப்படி இங்கே வந்து சேர்ந்தோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றரை வயதில் முதல் வலிப்பு. முதல் மருந்து, இரண்டாவது மருந்து, முதலும் இரண்டும் சேர்ந்து, பிறகு மூன்றாவது. க்வானும் ப்ரோடியும் 2000-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. புதிதாக மருந்து தொடங்கிய 470 பேரைப் பின்தொடர்ந்தார்கள். முதல் மருந்திலேயே 47 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றது. இரண்டாவதில் இன்னும் 13 சதவீதம். அதற்குப் பிறகு கொடுத்த எல்லாவற்றையும் சேர்த்தும் 4 சதவீதம்தான். இரண்டு மருந்துகளைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, சரியான அளவில் கொடுத்தும் அடங்காவிட்டால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று 2010-இல் சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் வரையறுத்தது இதனால்தான். மூன்றில் ஒருவர் அந்தப் பக்கம் போய்விடுகிறார். நாங்கள் போனோம்.

அவளுக்கு வந்ததில் மோசமானது, நின்றுகொண்டிருக்கும்போதே உடலின் பிடிமானம் சட்டென்று போய் விழுவது. நூல் அறுந்த பொம்மை மாதிரி. ஐந்து வயதில் வீட்டுக்குள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நடந்தாள். அறுத்து எடுக்க முடிகிற மாதிரி மூளையில் ஓரிடத்திலிருந்து கிளம்பும் வலிப்பும் அல்ல. ஆகவே ஒருநாள் மருத்துவர் வேகஸ் நரம்புத் தூண்டல் கருவி பற்றிச் சொன்னார். "குணமாகும்னு சொல்லமாட்டேன். குறையலாம். பாதிக்குப் பாதி பேருக்குப் பாதியாவது குறையும்." இவ்வளவு கறாரான ஒரு வாக்கியத்தை நான் எந்த விற்பனைப் பேச்சிலும் கேட்டதில்லை. அதனாலேயே நம்பினேன் என்று நினைக்கிறேன்.

வேகஸ் என்றால் லத்தீனில் அலைந்து திரிவது. மூளைத்தண்டிலிருந்து கிளம்பிக் கழுத்து, நெஞ்சு, வயிறு என்று ஊர்சுற்றும் நரம்பு. அதன் இழைகளில் பெரும்பகுதி மூளையிலிருந்து கட்டளை கொண்டுபோவதில்லை. உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுவருகிறது. மண்டையைத் திறக்காமல் மூளையோடு பேச ஒரு பக்கவாசல். இந்தப் பக்கவாசலை நியூயார்க் மருத்துவர் ஜேம்ஸ் கார்னிங் 1880களிலேயே தட்டிப்பார்த்தார். கழுத்தை வெளியிலிருந்து அழுத்தும் ஒரு கவட்டை, கூடவே மின்சாரம். அவர் சொன்ன பலன் மற்றவர்கள் கையில் வரவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து ஜேக்கப் ஸபாரா நாய்களில் சோதித்தார். 1988-இல் முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள். 1997-இல் அமெரிக்காவில் அனுமதி, அப்போது 12 வயதுக்கு மேல் மட்டும். 2017-இல் அது 4 வயதாக இறங்கியது. என் மகளுக்கு ஏழு வயதில் பொருத்தினோம்.

கருவி ஒரு பெரிய நாணயம் அளவு. அதிலிருந்து ஒரு கம்பி தோலுக்கடியில் ஏறி, கழுத்தின் இடப்பக்க வேகஸ் நரம்பைச் சுருளாகச் சுற்றிக்கொள்கிறது. வலப்பக்க நரம்புக்கு இதயத்துடிப்போடு நெருக்கம் அதிகம் என்பதால் இடம். 0.25 மில்லிஆம்பியரில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். 30 விநாடி ஓடும், 5 நிமிடம் சும்மா இருக்கும். மறுபடி 30 விநாடி. அவள் தூங்கினாலும் சாப்பிட்டாலும் சண்டை போட்டாலும். கணக்குப் போட்டால் நாளொன்றுக்குச் சுமார் 262 தடவை. ஆண்டுக்கு 95,000-க்கும் மேல்.

ஏன் வேலை செய்கிறது என்று கேட்டால் பாதிப் பதில்தான் இருக்கிறது. எலிகளின் மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற சின்னப் பகுதியைச் செயலிழக்கச் செய்தால் இந்தத் தூண்டலின் பலன் போய்விடுகிறது என்று 1998-இல் காட்டினார்கள். நாரெபிநெஃப்ரின் அங்கிருந்துதான் மூளை முழுக்கப் பாய்கிறது. அதற்குமேல் ஊகம்தான். என் வேலையில் இப்படி ஒரு விஷயத்தைத் தயாரிப்புச் சூழலுக்கு அனுப்ப எவனும் சம்மதிக்கமாட்டான். 'ஏன்னு தெரியல, ஆனா ஓடுது' என்று சொன்னால் கோட் ரிவ்யூவில் கிழித்துத் தொங்கவிடுவார்கள். (அப்படி ஓடுகிற கோட் எத்தனை என்பது வேறு கதை.)

*

ஒரு எக்செல் தாள் வைத்திருக்கிறேன். நேரம், வகை, எத்தனை விநாடி, காந்தம் தேய்த்தோமா, முந்தைய இரவுத் தூக்கம், காய்ச்சல். கருவிக்கு முந்தைய மூன்று மாதங்களில் மாதத்துக்குச் சராசரி 46 வலிப்புகள். ஓராண்டு முடிவில் 20. இப்போது 17, 18. மருத்துவ மொழியில் அவள் பலன் கண்டவள்.

ஆனால் இந்த எண்களை நான் முழுசாக நம்புவதில்லை. நம்பக் கூடாது என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்திருக்கிறது. யாரும் வலிப்பு குறைவாக இருக்கும் மாதத்தில் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்குவதில்லை. மிக மோசமான காலத்தில்தான் வாங்குகிறோம். மிக மோசமான காலத்துக்குப் பிறகு வருவது பெரும்பாலும் அதைவிடக் கொஞ்சம் நல்ல காலமாகத்தான் இருக்கும், எதுவுமே செய்யாவிட்டாலும். இதே சந்தேகம் ஆய்வாளர்களுக்கும் இருந்தது. ஆகவே ஆரம்பகால ஆய்வுகளில் எல்லோருக்கும் கருவியைப் பொருத்தி, பாதிப் பேருக்குச் சரியான அளவும் மீதிப் பேருக்குப் பேருக்கு ஒரு குறைந்த அளவும் கொடுத்தார்கள். எல்லோருக்கும் கழுத்தில் ஏதோ ஓர் உணர்வு இருக்கும், யார் எந்தப் பக்கம் என்று தெரியாது. 1998-இல் வெளியான ஆய்வில் மூன்று மாதத்தில் சரியான அளவு பெற்றவர்களுக்குச் சராசரி 28 சதவீதம் குறைந்தது. மற்றவர்களுக்கு 15. அந்த வித்தியாசம்தான் கருவியுடையது என்று அடித்துச் சொல்லக்கூடியது. மீதம் காலம், கவனிப்பு, நம்பிக்கை. சாவிக்கொத்துக்காரரின் பங்கு என்று நான் சொல்லிக்கொள்வேன்.

ஆனால் தனியொரு குழந்தையில் அந்தப் பங்கைப் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. கருவி பொருத்தாத என் மகள் என்று இன்னொருத்தி எங்கும் இல்லை. ஆகவே நான் செய்த முடிவு சரியா என்பது எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. இதை முதலில் ஒரு தகவல் பிரச்சினையாகத்தான் பார்த்தேன். அறப் பிரச்சினை என்று புரிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

*

கல்லூரியில் படிக்கும்போது எங்களுக்கு வலிப்பு என்றால் தஸ்தயேவ்ஸ்கி. விடுதி மாடியில் உட்கார்ந்து மிஷ்கினைப் பற்றிப் பேசியிருக்கிறோம். வலிப்புக்கு முந்தைய அந்தச் சில கணங்களில் வாழ்க்கை முழுவதும் ஒளியாகி விடுகிறது, அந்தக் கணத்துக்காக ஆயுளையே கொடுக்கலாம் என்கிற இடம். நான் அதைப் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தேன். இப்போது அந்தப் புத்தகத்தைத் திறந்தால் அந்தக் கோட்டைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. என் மகளிடம் ஒருமுறை கேட்டுப்பார்த்தேன், வருவதற்கு முன்னால் ஏதாவது தெரியுமா என்று. "இல்லப்பா. தரைதான் தெரியும்" என்றாள்.

இலக்கிய வாசகர்கள் அதிகம் பேசாத விஷயம் ஒன்றுண்டு. தஸ்தயேவ்ஸ்கியின் கடைசி மகன் அலெக்ஸேய், வீட்டில் அல்யோஷா, 1878 மே மாதம் வலிப்பு வந்து இறந்துபோனான். மூன்று வயதுகூட நிறைந்திருக்கவில்லை. தன்னிடமிருந்துதான் அது அவனுக்குப் போனது என்று தந்தை வேதனைப்பட்டார். அடுத்த ஆண்டு வெளிவரத் தொடங்கிய 'கரமசோவ் சகோதரர்க'ளில் எல்லோரும் நேசிக்கிற இளைஞனுக்கு அந்தப் பெயரை வைத்தார். குழந்தைகளின் துன்பத்தைக் காரணம் காட்டி, இறுதி ஒத்திசைவுக்கான நுழைவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று இவான் சொல்வது அந்த அல்யோஷாவிடம்தான்.

இருபது வயதில் எனக்கு இவான்தான் ஆதர்சம். என்ன ஒரு மறுப்பு! இப்போது அவன்மேல் எனக்குள்ள மனத்தாங்கல் ஒன்றே ஒன்றுதான். இவானுக்குக் குழந்தை இல்லை. சீட்டைத் திருப்பிக் கொடுக்க அவனால் முடியும். மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக்கொண்டு இரவு எட்டு மணிக்கு நிற்கிறவனால் எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது. எட்டேகாலுக்குள் கொடுத்தாக வேண்டும்.

*

சம்மதம் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழு வயதுக் குழந்தையிடம் கேட்கவில்லை. அதாவது கேட்பதுபோல் ஒன்று செய்தோம். "ஒரு சின்ன மெஷின் வெச்சா விழமாட்டடா கண்ணு, வெச்சுக்கலாமா?" அவள் சரி என்றாள். அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நாங்கள் விட்டிருக்கமாட்டோம். மறுக்க இடமில்லாத கேள்விக்கு வாங்கிய பதிலைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதிலென்ன இருக்கிறது என்று என் மனைவியின் அண்ணன் கேட்டார். "என் மடியிலதான உக்காரவெச்சுக் காது குத்துனீங்க? கேட்டா குத்துனீங்க?" வலுவான வாதம்தான். தடுப்பூசி போடுகிறோம், மொட்டை அடிக்கிறோம், பெயர் வைக்கிறோம், மொழியைக் கொடுக்கிறோம். குழந்தையின் உடம்பின் மேலும் மனத்தின் மேலும் பெற்றவர்கள் கைவைக்காத இடமே கிடையாது. அந்த வகையில் இது ஒரு காதுகுத்துதான்.

ஆனால் காதுகுத்து அன்றோடு முடிந்துவிடுகிறது. அழுகை, சந்தனம், சாப்பாடு, மொய். பிறகு காது அவளுடையது. இது முடிவதில்லை. நான் ஒரு நாள் ஒரு படிவத்தில் போட்ட கையெழுத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் கழுத்தில் மறுபடி மறுபடி நடந்துகொண்டே இருக்கிறது. மருத்துவர் ஒரு கருவியை அவள் மார்பருகே பிடித்து எண்களை மாற்றும்போது, நானும் திரையைப் பார்த்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம் ஏத்தலாமா டாக்டர்?" என்று கேட்கிறேன். கேட்பது நான், இருமுவது அவள்.

அதுவும் குரல். இந்தக் கருவியின் அடிக்கடி வரும் பக்கவிளைவு அதுதான். குரல்வளைக்குப் போகும் ஒரு கிளைநரம்பு வேகஸோடு கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, மகாதமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறி வருகிறது. இவ்வளவு தூரம் சுற்றிவரும் கிளையை, கழுத்திலேயே தூண்டிவிடுகிறோம். ஆகவே அந்த 30 விநாடியும் குரல் கரகரக்கும். சில குழந்தைகளுக்குப் பழகப்பழகக் குறைகிறது. இவளுக்குக் குறைந்தது, போகவில்லை. நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பாள். நடுவில் சட்டென்று தொண்டையில் மணல் விழுந்த மாதிரி ஆகும். பிறகு தெளியும். எங்கள் வீட்டில் நேரம் அப்படித்தான் நகர்கிறது.

கூடவே இன்னொன்றும் மாறியது. விழிப்பு வந்தது. முன்பு கேள்வி கேட்டால் பதில் வர நேரமாகும். வார்த்தை தேடுவாள். அது வலிப்பாலா, அவள் சாப்பிட்டுவந்த மருந்துகளில் ஒன்றாலா, தெரியாது. இரண்டும் அப்படிச் செய்யக்கூடியவை. கருவி வந்து எட்டு மாதத்தில், ஒரு மருந்தைக் குறைத்த பிறகு, வாய் ஓயாமல் பேச ஆரம்பித்தாள். கோபமும் வந்தது, கதவை அறைகிற கோபம். இதே கருவியை 2005-இல் அமெரிக்காவில் மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கும் அனுமதித்தார்கள் என்று எங்கோ படித்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. இந்தச் சிரிப்பு அவளுடையதா, 1.5 மில்லிஆம்பியருடையதா? அந்த மந்தமான, சாந்தமான ஆறு வயதுக்காரி யார்? மருந்தா? வலிப்பா? எல்லாவற்றையும் கழித்துவிட்டால் கீழே ஒரு மூலப்பிரதி இருக்குமா?

இதை மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அவ எப்பவும் அவதான். நீதான் வெர்ஷன் போட்டுப் பாத்துட்டிருக்க. நீ காபி குடிக்காத அன்னிக்கு யாரு, காபி குடிச்சா யாருன்னு நான் கேட்டேனா?"

*

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

போன டிசம்பரில் அவள் வகுப்பாசிரியை வாட்ஸாப்பில் ஒரு ஒலிப்பதிவு அனுப்பியிருந்தார். வகுப்பில் வாரம் ஒருவர் கதை சொல்ல வேண்டும். அந்த வாரம் இவள். ஒரு பூனை ரேஷன் கடை வரிசையில் நின்ற கதை, அவளே கட்டியது. அலுவலகத்தில் ஒரு மீட்டிங்குக்கும் இன்னொன்றுக்கும் நடுவே காதில் மாட்டிக் கேட்டேன். ஏழு நிமிடம் பத்து விநாடி. தெளிவான குரல். பூனைக்கு ஒரு குரல், கடைக்காரருக்கு ஒரு குரல், பின்னால் நிற்கிற ஆச்சிக்கு ஒரு குரல். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இவள் நிறுத்திச் சிரிக்கவிட்டுத் தொடர்கிறாள். ஒன்றரை வருஷமாக நான் கேட்காத குரல், முழுசாக, ஒரு விரிசல்கூட இல்லாமல். கண் கலங்கிவிட்டது.

பிறகு ஏழு நிமிடம் என்பது உறைத்தது. முப்பது விநாடியும் ஐந்து நிமிடமும் சேர்ந்தால் ஐந்தரை. எந்த ஏழு நிமிடத்தை எடுத்தாலும் அதற்குள் ஒரு தடவையாவது கரகரத்தாக வேண்டும். கரகரக்கவில்லை.

காந்தத்துக்கு இரண்டாவது வேலை ஒன்று உண்டு. லேசாகத் தேய்த்தால் கூடுதல் தூண்டல். அப்படியே மேலே வைத்துப் பிடித்திருந்தால், பிடித்திருக்கும்வரை கருவி நின்றிருக்கும். பள்ளியில் ஓர் உபரிக் காந்தம் கொடுத்துவைத்திருந்தோம். அவள் அதை மார்பில் பிடித்துக்கொண்டு கதை சொல்லியிருக்கிறாள்.

அன்று மாலை கேட்டேன். மறைக்கவில்லை. "கத முடியற வரைக்கும்தாம்ப்பா வெச்சிருந்தேன். டாக்டர் அத்த எங்கிட்டச் சொல்லியிருக்காங்க, பாடறப்ப, பேசறப்ப கொஞ்ச நேரம் வெச்சுக்கலாம்னு." டாக்டர் அத்தை அதை அவளிடம்தான் சொல்லியிருக்கிறார், என்னிடம் இல்லை. உடம்பு யாருடையதோ அவரிடம் சொன்னார் போல.

அன்று இரவு ஒன்பதரைக்கு அவளுக்கு ஒரு வலிப்பு வந்தது. வழக்கமான ஒன்று. ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மாதத்துக்கு 17 என்றால் இரண்டு நாளைக்கு ஒன்று எப்படியும் வரும். காலை பதினொரு மணிக்கு ஏழு நிமிடம் கருவி நின்றதற்கும் இரவு ஒன்பதரைக்கும் முடிச்சுப்போட எந்த ஆதாரமும் இல்லை. எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரையில் மேலே எழுதிய அத்தனையும் அன்றும் எனக்குத் தெரியும். அவள் கண் திறந்து தண்ணீர் குடித்ததும் நான் சொன்னேன்: "பாத்தியா? அதை ஆஃப் பண்ணதாலதான்."

ஒன்றும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் காந்தத்தைத் தொடவில்லை. நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். ஜனவரியில் ஆசிரியை, "இப்பல்லாம் கதை சொல்ல வரமாட்டேங்கறா சார், வாசிக்கக்கூட எழுந்திரிக்க மாட்டேங்கறா" என்றார்.

அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது தனியாகக் கேட்டேன். சில நிமிடம் நிறுத்துவதால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்றார். மணிக்கணக்கில் கட்டிவைத்துக்கொள்ளக் கூடாது, தூங்கும்போது கூடாது, அவ்வளவுதான். நான் இதை எதிர்பார்த்துத்தான் போனேன். அப்படியானால் அன்றைக்கு என் கோபம் அவள் பாதுகாப்புக்காக இல்லை. என்னைக் கேட்காமல் என் கருவியை அவள் அணைத்துவிட்டாள் என்பதற்காக. 'என் கருவி' என்று எழுதிவிட்டு அழிக்கப் பார்த்தேன். இருக்கட்டும், அப்படித்தான் நினைத்திருக்கிறேன்.

என் குற்றம் கோபப்பட்டது மட்டும் என்றால் பரவாயில்லை. ஒரு பொய்யான காரணத்தை ஒன்பது வயதுக் குழந்தையின் கையில் திணித்தேன். பஸ் ஸ்டாண்டில் சாவி கொடுத்தவர் தெரியாமல் செய்தார். அதில் கருணை இருந்தது. விழுந்து கிடந்தவரிடம், 'உன்னாலதான் விழுந்த' என்று அவர் சொல்லவில்லை. அம்மா கொஞ்சகாலம் தன் பிறந்தவீட்டுக் குலதெய்வத்துக்கு நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார். அப்போது நான் எரிந்து விழுந்திருக்கிறேன். அவராவது குற்றத்தைத் தன் தலையில்தான் போட்டுக்கொண்டார்.

நம்மூரில் இந்த நோய்க்குக் காரணம் தேடுகிற வேலை குழந்தைகளைச் சும்மா விட்டதே இல்லை. பெண் குழந்தை என்றால் இன்னும் கூடுதல். திரும்பத் திரும்ப வலிப்பு வருகிறவர் திருமணத்துக்குத் தகுதியில்லாதவர் என்கிற வரி இந்து திருமணச் சட்டத்தில் 1999-இல் நீக்கப்படும்வரை இருந்தது. அம்மா இப்போதும் கருவியின் தழும்பைப் பார்த்துவிட்டு, "கழுத்து மூடுன ஜாக்கெட்டாத் தெச்சுக்கலாம்" என்று பத்துப் பதினைந்து வருஷம் கழித்து வரப்போகிற ஒரு பெண்பார்க்கும் நாளுக்காக இப்போதே திட்டம் போடுகிறார். ஊர் சொல்லப்போகிறதிலிருந்து அவளைக் காப்பாற்ற வேண்டிய நான், ஊர் சொல்லும் முன்னால் சொல்லிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளிடம் பேசினேன். அன்னிக்கு அப்பா சொன்னது தப்பு, நீ ஆஃப் பண்ணதால வரல என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப எதனாலப்பா வந்துச்சு?"

"தெரியல கண்ணு."

"டாக்டர் அத்தைக்கு?"

"அவங்களுக்கும் தெரியாது."

"யாருக்குமே தெரியாதா?"

"இப்போதைக்கு இல்ல."

அவளுக்கு இது நிம்மதியாக இருந்ததா, பயமாக இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு காரணம், அது தன் தப்பாகவே இருந்தாலும், ஒரு பிடிமானம். நான் அதையும் பிடுங்கிக்கொண்டேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து படம் வரைய ஆரம்பித்தாள்.

அந்தப் பள்ளிக் காந்தம் இப்போது ஆசிரியை மேசையில் இல்லை, அவள் பையில் இருக்கிறது. ஆசிரியைக்கு வேறொன்று வாங்கிக் கொடுத்துவிட்டோம். எப்போது வைப்பது, எவ்வளவு நேரம் என்று மருத்துவர் அவளோடு நேரடியாகப் பேசினார். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பேட்டரி இன்னும் சில ஆண்டுகளில் தீரும். அப்போது மறுபடி ஓர் அறுவை சிகிச்சை. அவளுக்குப் பதிமூன்றோ பதினான்கோ இருக்கும். வேண்டாம் என்று சொல்லவும் தெரியும். அன்றைக்கு நான் என்ன செய்வேன்? தெரியவில்லை. எண்களைக் காட்டி வாதாடுவேன் என்று நினைக்கிறேன். 28, 15, 46, 17. அவளிடமும் ஏதாவது கணக்கு இருக்கும்.

எக்செல் தாளில் ஒரு புதிய பத்தி சேர்க்கலாமா என்று யோசித்தேன், காந்தம் வைத்த நிமிடங்களுக்கு. மனைவி பார்த்த பார்வையில் மூடிவிட்டேன்.

நேற்று இரவு சாப்பாடு முடிந்ததும் வந்து எதிரில் நின்றாள். பள்ளியில் பிப்ரவரி கடைசியில் ஆண்டு விழா. பூனைக் கதையின் இரண்டாம் பாகம். இந்தமுறை பூனை ஆதார் அட்டை எடுக்கப் போகிறது. பைக்குள்ளிருந்து காந்தத்தை எடுத்து சட்டைக்கு மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அப்பா, அஞ்சு நிமிஷம்தான் குடுப்பாங்க. டைம் பாக்குறீங்களா?"

செல்போனில் ஸ்டாப்வாட்சை எடுத்தேன்.

"ஆஃப் ஆயிருச்சா?" என்று கேட்டேன்.

"ஆயிருச்சு. பேசாதீங்க, கதை ஆரம்பிக்கப்போறேன்."